வரிசை எண்ணுக்கு முன்னால் ‘தி’ எப்போதும் வர வேண்டுமா?

போட்டித் தேர்வுக்கு மாணவர்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு முதலிய வரிசை எண்களுக்கு முன்னால் ‘தி’ என்னும் ஆர்ட்டிகிள் கட்டாயம் வர வேண்டும் என்று வழிகாட்டி நூல்களில் படித்து, அவரும் அப்படியே கற்பித்து வந்திருக்கிறார். ஆனால் ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைத் திறந்தால் ‘ஷி ஃபினிஷ்ட் ஃபோர்த்’ என்று ஆர்ட்டிகிள் எதுவும் இல்லாமல் வருகிறது. வேறோர் இடத்தில் ‘எ செகண்ட் சான்ஸ்’ என்று ‘எ’ சேர்ந்து வருகிறது. இவற்றில் எது சரி, மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவருடைய சிக்கல்.

மூன்றும் சரி. வழிகாட்டி நூல்களின் விதி, அடிக்கடி நேரும் ஒரு நிலைமையை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே முழு விதியாகச் சொல்லிவிடுகிறது. அதில் விடுபட்டுப்போகும் செய்தி என்னவென்றால், ஆர்ட்டிகிள் என்பது வரிசை எண்ணுக்கு உரியதே அன்று. அது பெயர்ச்சொல்லுக்கு உரியது. ‘தி செகண்ட் சாப்டர்’ என்னும்போது அந்தத் ‘தி’ சாப்டருக்காக வந்து நிற்கிறது; செகண்ட் இடையில் நுழைந்த பெயரடை மட்டுமே. எனவே வரிசை எண்ணைக் கண்டவுடன் ‘தி’யைத் தேடாமல், அந்த எண்ணுக்குப் பின்னால் வெளிப்படையாகவோ மறைந்தோ ஒரு பெயர்ச்சொல் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இருந்தால், எந்த ஒன்றைக் குறிப்பிடுகிறோம் என்பது கேட்பவருக்கு ஐயமின்றித் தெரியுமா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால், மேலே சொன்ன மூன்று வடிவங்களும் தாமாகவே பிரிந்துவிடும்.

ஓர் உண்மையான பந்தயத்தை வைத்துக்கொண்டு இதைப் பார்ப்பது எளிது. 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மகளிருக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முறையாக நடத்தப்பட்டது. மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 54.61 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு 55.41 விநாடிகளில் ஓடி வெண்கலம் பெற, இந்தியாவின் பி.டி. உஷா 55.42 விநாடிகளில் நான்காவதாக வந்தார். இந்த ஒரே பந்தயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நாலைந்து வாக்கியங்கள் எழுதினால் போதும், வரிசை எண்ணின் எல்லா நடையையும் அதில் பார்த்துவிடலாம்.

‘உஷா ஃபினிஷ்ட் ஃபோர்த்’ என்பது முதல் வாக்கியம். இங்கே ஃபோர்த் எந்தப் பெயர்ச்சொல்லையும் சார்ந்திருக்கவில்லை. அவர் எந்த இடத்தில் ஓடி முடித்தார் என்பதைச் சொல்லி, வினையோடு ஒட்டிக்கொண்டு வினையடையைப் போல நிற்கிறது. ஐயம் இருந்தால் அந்த இடத்தில் ‘எர்லி’ அல்லது ‘லேட்’ என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘உஷா ஃபினிஷ்ட் எர்லி’ என்று சொல்லலாம். ‘உஷா ஃபினிஷ்ட் தி எர்லி’ என்று யாரும் சொல்வதில்லை. அதே காரணத்தால்தான் ‘ஃபினிஷ்ட் தி ஃபோர்த்’ என்பதும் வழக்கில் இல்லை. கம், ஃபினிஷ், ரேங்க், பிளேஸ் ஆகிய வினைகளோடு வரும் வரிசை எண்களுக்கு எல்லாம் இது பொருந்தும்: ‘ஹி கேம் செகண்ட்’, ‘ஷி இஸ் ரேங்க்டு தேர்டு இன் தி வேர்ல்டு’, ‘அவர் டீம் வாஸ் பிளேஸ்டு சிக்ஸ்த்’. கடைசியாக வந்தவருக்கும் இதே மரியாதைதான், ‘ஹி கேம் லாஸ்ட்’ என்றே எழுத வேண்டும்.

‘உஷா வாஸ் தி ஃபோர்த் ரன்னர் டு கிராஸ் தி லைன்’ என்பது இரண்டாவது வாக்கியம். இப்போது ரன்னர் என்ற பெயர்ச்சொல் வந்துவிட்டது. ஒரு பந்தயத்தில் நான்காவதாகக் கோட்டைக் கடப்பவர் ஒருவராகத்தான் இருக்க முடியும் என்பதால், யாரைச் சொல்கிறோம் என்பதில் குழப்பமே இல்லை. ஆகவே ‘தி’ வருகிறது. வழிகாட்டி நூல்களின் விதி பிறந்தது இந்த இடத்தில்தான். ‘நவால் வாஸ் தி ஃபர்ஸ்ட் மொராக்கன் டு வின் ஆன் ஒலிம்பிக் கோல்டு’ என்பதும் இதே வகை. வரிசை எண்ணுக்குப் பின்வரும் வினை ‘டு வின்’, ‘டு கிராஸ்’ என்று ‘டு’ சேர்ந்து வருவதையும் கவனிக்க வேண்டும். இத்தகைய ‘டு’ பின்தொடரும் வாக்கியங்களில் அநேகமாக எப்போதும் ‘தி’ இருக்கும். ஏனென்றால், ‘இன்னதைச் செய்தவர்களில் முதல்வர்’ என்று அந்த வால்பகுதியே ஆளை அடையாளம் காட்டிவிடுகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ‘உஷா வாஸ் ஃபோர்த்’, ‘உஷா வாஸ் தி ஃபோர்த்’ என்று இன்னோர் இணை உண்டு. ‘வாஸ்’ என்ற வினைக்குப் பின் பெயரடையும் வரலாம், பெயரும் வரலாம் என்பதால் இரண்டுமே இலக்கணப்படி சரி. ஆனால் பொருள் நகர்ந்துவிடுகிறது. ஆர்ட்டிகிள் இல்லாமல் சொன்னால் அவருடைய இடத்தை மட்டும் சொல்கிறோம். ‘தி ஃபோர்த்’ என்றாலோ, நான்காவது எது, யாரில் நான்காமவர் என்ற ஒரு பெயர்ச்சொல் உள்ளே ஒளிந்திருக்கிறது. வாசகர் அதை முன்வாக்கியத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ள வேண்டும். முன்வாக்கியத்தில் அப்படி எதுவும் இல்லையென்றால் வாக்கியம் பாதியில் நின்றுபோனது போல இருக்கும். போட்டி முடிவைச் சொல்லும்போது ஆர்ட்டிகிள் இல்லாத வடிவமே இயல்பு.

‘உஷா மிஸ்ட் தி பிரான்ஸ் பை எ ஹண்ட்ரெத் ஆஃப் எ செகண்ட்’ என்பது மூன்றாவது வாக்கியம். விநாடியில் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டார் என்று பொருள். ஹண்ட்ரெத் என்பது உருவத்தில் வரிசை எண்; ‘தி ஹண்ட்ரெத் ரன்’ என்றால் நூறாவது ஓட்டம். இங்கோ அது பின்னமாகிப் பெயர்ச்சொல்லாகவே மாறிவிட்டது. பின்னத்துக்கு ‘எ’ போதும், ‘எ தேர்டு ஆஃப் தி கிளாஸ்’ என்றால் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள். ஓர் ஆர்ட்டிகிள் மாறியதால் மூன்றாமவர் மூன்றில் ஒரு பங்காகிவிடுவதை மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். அந்த வாக்கியத்தின் கடைசியில் இருக்கும் செகண்ட் விநாடியைக் குறிக்கும் வேறு சொல். அதை இரண்டாவது என்று எண்ணிக் குழம்ப வேண்டியதில்லை.

நான்காவது வாக்கியம்தான் வகுப்பறைகளில் சொல்லப்படாதது: ‘உஷா கேம் எ வெரி குளோஸ் ஃபோர்த்’. சற்றுமுன் ‘கேம் ஃபோர்த்’ என்பதில் ஆர்ட்டிகிள் கூடாது என்று சொன்னோம். இங்கே ‘எ’ வந்து உட்கார்ந்துவிட்டதே என்று கேட்கலாம். வரிசை எண்ணுக்கு முன்னால் குளோஸ், டிஸ்டன்ட், புவர் போன்ற ஒரு பெயரடை வந்த நொடியிலேயே அந்த எண் பெயர்ச்சொல்லாகிவிடுகிறது. எண்ணக்கூடிய ஒருமைப் பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் தனியாக நிற்காது, அதற்கு ஒரு துணை வேண்டும். ‘எ குளோஸ் செகண்ட்’ என்றால் மயிரிழையில் இரண்டாவதாக வந்தவர். ‘எ டிஸ்டன்ட் தேர்டு’ என்றால் முதலிருவருக்கு வெகுதூரம் பின்னால் மூன்றாவதாக வந்தவர். தேர்தல் முடிவுகளை எழுதும் செய்தியாளர்களுக்கு இந்தப் பிந்தைய தொடர் மிகவும் பிடித்தமானது. ஆனால் ‘ஜாயின்ட்’ என்ற சொல் மட்டும் இந்த வழக்கத்துக்குக் கட்டுப்படுவதில்லை. இருவர் சேர்ந்து மூன்றாமிடம் பெற்றால் ‘தே கேம் ஜாயின்ட் தேர்டு’ என்று ஆர்ட்டிகிள் இல்லாமலேயே எழுதுகிறார்கள்.

பந்தயத்தை விட்டு வெளியே வந்தால், தரவரிசை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ‘லார்ஜெஸ்ட்’, ‘ஹையஸ்ட்’ போன்ற சூப்பர்லேட்டிவோடு சேர்ந்து வருவதுதான். உலகின் இரண்டாவது பெரிய நாடு, மூன்றாவது உயரமான மலை என்பன போன்றவை. இங்கே விதி உறுதியானது. ‘கனடா இஸ் தி செகண்ட் லார்ஜெஸ்ட் கன்ட்ரி இன் தி வேர்ல்டு’ என்பதில் ‘தி’யை விடவும் கூடாது, அதற்குப் பதில் ‘எ’ போடவும் கூடாது. பரப்பளவில் ரஷ்யாவுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் நாடு ஒன்றே ஒன்று. ஒன்றே ஒன்றாக இருப்பதற்கு ‘எ’ பொருந்தாது. 8,611 மீட்டர் உயரமுள்ள கே2, ‘தி செகண்ட் ஹையஸ்ட் மவுன்டன்’. 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா, ‘தி தேர்டு ஹையஸ்ட் மவுன்டன்’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நில அளவைத் துறையினர் கணக்கிட்டுச் சொல்லும்வரை கஞ்சன்ஜங்காவே உலகின் உயரமான மலை என்று கருதப்பட்டு வந்தது. ‘தி ஹையஸ்ட்’ என்ற பெயரை இழந்து ‘தி தேர்டு ஹையஸ்ட்’ ஆன பின்னும் அதன் ‘தி’ அதனிடமே இருக்கிறது.

நம் மாணவர்கள் அதிகம் தவறு செய்வது இந்த இடத்தில்தான், அதற்குக் காரணமும் உண்டு. ‘கனடா உலகின் இரண்டாவது பெரிய நாடு’ என்று தமிழில் நினைத்து எழுதும்போது ‘தி’க்கு ஈடான சொல் எதுவும் மனத்தில் எழுவதில்லை, எனவே ‘கனடா இஸ் செகண்ட் லார்ஜெஸ்ட் கன்ட்ரி’ என்று எழுதிவிடுகிறார்கள். செய்தித் தலைப்புகளும் இந்தத் தவறுக்குத் துணைபோகின்றன. இடமிச்சத்துக்காக ஆர்ட்டிகிள்களை வெட்டி எறிவது தலைப்பு நடையின் வழக்கம், அதைப் பார்த்து வாக்கியம் எழுதக் கற்றுக்கொள்ளக் கூடாது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ‘தி’ கட்டாயம் என்று மனப்பாடம் செய்தவர்கள் ‘கனடா ரேங்க்ஸ் தி செகண்ட் இன் ஏரியா’ என்று எழுதுவார்கள். பெயர்ச்சொல் இல்லாத அந்த வாக்கியத்தில் ‘ரேங்க்ஸ் செகண்ட்’ என்பதே சரி. ‘கனடா இஸ் செகண்ட் ஒன்லி டு ரஷ்யா இன் ஏரியா’ என்ற அழகான தொடரிலும் ஆர்ட்டிகிளுக்கு இடமில்லை.

இனி, ‘எ’ வரும் வாக்கியங்கள். வழிகாட்டி நூல்கள் பேசாமல் கடந்துபோகும் பகுதி இது. என் பார்வையில், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரையும் அரைகுறையாகத் தெரிந்தவரையும் பிரித்துக்காட்டுவதும் இதுதான். மருத்துவர் அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார். வீட்டில் உள்ளவர்கள், ‘எதற்கும் செகண்ட் ஒபீனியன் கேட்டுவிடலாம்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் இது ‘எ செகண்ட் ஒபீனியன்’. ஏன் ‘தி’ இல்லை? மருத்துவர்களின் கருத்துகள் முன்பே வரிசைப்படுத்தி வைக்கப்படவில்லை. எந்த மருத்துவர், என்ன சொல்வார் என்பதெல்லாம் இன்னும் தெரியாது. முன்பு பெற்ற ஒன்றோடு இன்னொன்றைக் கூட்டுகிறோம், அவ்வளவே. இவ்விடத்தில் செகண்ட் என்பதற்கு ‘இன்னொரு’, ‘மேலும் ஒரு’ என்று பொருள். ‘அனதர்’ என்ற சொல்லைப் போட்டாலும் வாக்கியம் குலையாது. ‘எ செகண்ட் சான்ஸ்’, ‘எ தேர்டு சைல்டு’, ‘எ ஃபோர்த் கப் ஆஃப் காபி’ எல்லாம் இந்த வகை. ‘அனதர்’ பொருந்தினால் ‘எ’, ‘அனதர்’ பொருந்தாமல் ‘அந்தக் குறிப்பிட்ட ஒன்று’ என்றே பொருள்பட்டால் ‘தி’ என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலும் பிழை நேராது.

நிலவுப் பயணங்களை வைத்து இந்த வேறுபாட்டை இன்னும் தெளிவாகக் காணலாம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் மெதுவாகத் தரையிறங்கியது. சோவியத் ஒன்றியம், அமெரிக்கா, சீனா ஆகியவற்றுக்குப் பிறகு அதைச் செய்த நாடு என்பதால், ‘இண்டியா பிகேம் தி ஃபோர்த் கன்ட்ரி டு லேண்ட் சாஃப்ட்லி ஆன் தி மூன்’ என்று எழுதுகிறோம். வரிசை தெரிந்தது, நான்காவது இடத்தில் இருப்பது ஒரே நாடு, எனவே ‘தி’. சந்திரயான்-3 இந்தியாவின் எத்தனையாவது நிலவுப் பயணம் என்று சொல்லும்போது ‘இண்டியாஸ் தேர்டு மூன் மிஷன்’ என்கிறோம். இங்கே ஆர்ட்டிகிள் இல்லை. காரணம், இண்டியாஸ் என்ற உடைமைச் சொல் ஆர்ட்டிகிளின் நாற்காலியில் ஏற்கெனவே அமர்ந்துவிட்டது. ‘தி இண்டியாஸ் தேர்டு மிஷன்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது பிழை. மை, ஹிஸ், ஹர், தேர் போன்ற சொற்களுக்கும் இதுவே பொருந்தும். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை சந்திரயான்-4 திட்டத்துக்கு ஒப்புதல் அளித்ததைப் பற்றி எழுதும்போதோ ‘தி கவர்ன்மென்ட் அப்ரூவ்டு எ ஃபோர்த் மூன் மிஷன்’ என்று ‘எ’ வரும். முன்பு நடந்த மூன்றோடு இன்னொன்று சேர்கிறது. கேட்பவருக்கு அது புதிய செய்தி. அதே திட்டத்தைப் பற்றி அடுத்த பத்தியில் மறுபடி பேசும்போது ‘தி ஃபோர்த் மிஷன்’ என்றாகிவிடும். அதற்குள் அது அறிமுகமான பொருளாகிவிட்டது. ஃபோர்த் என்ற ஒரே சொல், ஒரே கட்டுரைக்குள் இரண்டு ஆர்ட்டிகிளையும் ஏற்கிறது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

‘டைம்’ என்ற சொல்லோடு வரும்போது இது இன்னும் நுட்பமாகிறது. 1983-இல் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணி 2011-இல் மீண்டும் வென்றது. இதை ‘ஃபார் தி செகண்ட் டைம்’ என்றும் சொல்லலாம், ‘ஃபார் எ செகண்ட் டைம்’ என்றும் சொல்லலாம், முன்னால் ‘ஃபார்’ இல்லாமல் ‘எ செகண்ட் டைம்’ என்று மட்டும்கூடச் சொல்லலாம். முதல் வடிவம் கணக்கைச் சொல்கிறது: இது இரண்டாவது முறை. மற்ற இரண்டும் ‘மறுபடியும்’ என்ற உணர்வைத் தருகின்றன. தேர்வில் இவற்றுக்கிடையே வேறுபாடு கேட்கமாட்டார்கள். எழுதும்போது தெரிந்திருந்தால் நடைக்கு நல்லது. ஆனால் ‘முதல் முறை’ மட்டும் இந்தச் சுதந்திரத்தைத் தருவதில்லை. எதுவும் நடந்திராத இடத்தில் ‘இன்னொன்று’ என்ற பேச்சுக்கே வழியில்லை அல்லவா? எனவே ‘ஃபார் தி ஃபர்ஸ்ட் டைம்’ என்பதே வழக்கு. நம்மிடையே பரவலாகக் கேட்கும் ‘ஐ ஆம் சீயிங் இட் ஃபர்ஸ்ட் டைம்’ என்பதில் ‘ஃபார்’, ‘தி’ இரண்டையும் விழுங்கிவிடுகிறோம். பேச்சில் யாரும் பொருட்படுத்தாவிட்டாலும் எழுத்தில் அது உறுத்தும்.

பரிசும் இடமும் தனிக்கதை. ‘ஷி வொன் ஃபர்ஸ்ட் பிரைஸ்’, ‘ஷி வொன் தி ஃபர்ஸ்ட் பிரைஸ்’ என இரண்டு வடிவங்களும் நல்ல ஆங்கில எழுத்தாளர்களிடம் காணப்படுகின்றன. ஃபர்ஸ்ட் பிரைஸ் என்பதை ஒரு பட்டத்தின் பெயரைப் போலக் கருதும்போது ஆர்ட்டிகிள் விழுந்துவிடுகிறது. பல பரிசுகளில் முதலாவது என்று கருதும்போது ‘தி’ நிற்கிறது. ஒரே நிலையில் பல பரிசுகள் வழங்கப்பட்டால், அவற்றில் ஒன்றைப் பெற்றவர் ‘எ செகண்ட் பிரைஸ்’ பெற்றார் என்றும் சொல்லலாம். ‘பிளேஸ்’ என்ற சொல் பெரும்பாலும் ஆர்ட்டிகிளை விரும்புவதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கின் உயரம் தாண்டுதலில் கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் மேற்கொண்டு தாண்டாமல் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டபோது, ‘தே ஷேர்டு ஃபர்ஸ்ட் பிளேஸ்’ என்றே எழுதினார்கள். இருவர் இருந்ததற்காக இடம் பன்மையாகவும் இல்லை, ஆர்ட்டிகிளும் சேரவில்லை. ‘இன் ஃபர்ஸ்ட் பிளேஸ்’ என்றால் முதலிடத்தில் என்று பொருள். இதில் ஒரு ‘தி’யைச் செருகி ‘இன் தி ஃபர்ஸ்ட் பிளேஸ்’ என்று எழுதினால் பொருளே மாறி, ‘முதற்கண்’ அல்லது ‘தொடக்கத்திலேயே’ என்றாகிவிடும். ‘ஒய் டிட் யூ கோ தேர் இன் தி ஃபர்ஸ்ட் பிளேஸ்?’ என்று கேட்பவர், ‘நீ அங்கே எதற்குப் போனாய் என்பதே கேள்வி’ என்கிறார். எந்தப் போட்டியைப் பற்றியும் அவர் பேசவில்லை. எனவே புள்ளிப் பட்டியலில் தங்கள் அணி முதலிடத்தில் இருக்கிறது என்று எழுத வந்தவர் அந்தத் ‘தி’யைப் போட்டுவிட்டால், வாசகர் ஒரு கணம் திகைக்கத்தான் செய்வார்.

பள்ளி, கல்லூரி வழக்கில் ‘ஷி ஸ்டுட் ஃபர்ஸ்ட் இன் தி டிஸ்ட்ரிக்ட்’ என்று நாம் எழுதுவதுண்டு. இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்ட தொடர் அது. இங்கிலாந்தில் ‘கேம் ஃபர்ஸ்ட்’ அல்லது ‘கேம் டாப்’ என்பார்கள். வினை வேறாக இருந்தாலும் ஆர்ட்டிகிள் இல்லாமல் எழுதுவது இரண்டிலும் ஒன்றே. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டிலிருந்து பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவிலான முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டுவிட்டதால், ‘ஸ்டேட் ஃபர்ஸ்ட்’ என்ற சொற்றொடரை இப்போதைய மாணவர்கள் அதிகம் கேட்டிருக்கமாட்டார்கள். அதை ஆங்கில வாக்கியத்துக்குள் கொண்டுவருவதென்றால் ‘ஷி கேம் ஃபர்ஸ்ட் இன் தி ஸ்டேட்’ என்று பிரித்துத்தான் எழுத வேண்டும். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் முதல் வகுப்பில் பட்டம் பெற்றவரை ‘ஷி காட் எ ஃபர்ஸ்ட்’ என்பார்கள். அங்கே ஃபர்ஸ்ட் முழுப் பெயர்ச்சொல். இதுவரை யாரும் செய்யாததை ஒருவர் செய்தால் ‘தட்ஸ் எ ஃபர்ஸ்ட்’ என்று சொல்வதும் அந்த வழியில் வந்ததே.

பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் எண் வந்தால் ஆர்ட்டிகிளே வேண்டாம் என்பது இன்னொரு பயனுள்ள விதி. ‘தி செகண்ட் சாப்டர்’ என்று சொல்லலாம், அல்லது ‘சாப்டர் டூ’ என்று சொல்லலாம். ‘தி செகண்ட் வேர்ல்டு வார்’ உண்டு, ‘வேர்ல்டு வார் டூ’ உண்டு. ‘தி வேர்ல்டு வார் டூ’ கிடையாது. போட்டித் தேர்வர்களுக்கு அரசமைப்புச் சட்டமே நல்ல பயிற்சிக் களம். தமிழ் உள்ளிட்ட மொழிகள் இடம்பெற்றிருப்பது ‘தி எய்த் ஷெட்யூல்’. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் ‘தி ஃபார்ட்டி செகண்ட் அமெண்ட்மென்ட்’. இரண்டிலும் வரிசை எண் முன்னால் வருகிறது, ‘தி’ சேர்கிறது. ஆனால் ‘ஆர்ட்டிகிள் 21’ என்று எண் பின்னால் வரும்போது முன்னால் எதுவும் இல்லை. ‘தி ஆர்ட்டிகிள் 21 சேஸ்’ என்று விடைத்தாளில் எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

மன்னர்களின் பெயர்களில் எழுத்தும் ஒலிப்பும் பிரிந்துபோகின்றன. இரண்டாம் எலிசபெத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ரோமன் எண் மட்டும் வரும். வாசிக்கும்போது ‘எலிசபெத் தி செகண்ட்’ என்று ‘தி’யைச் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலாம் இராசராசனைப் பற்றி ஆங்கிலத்தில் உரை நிகழ்த்துவோர் சிலர் ‘ராஜராஜா ஒன்’ என்று வாசிப்பது சரியன்று, ‘ராஜராஜா தி ஃபர்ஸ்ட்’ என்பதே முறை. நாள்களுக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். எழுத்தில் ‘15 ஆகஸ்ட்’ என்று இருந்தாலும் பிரிட்டிஷ் வழக்கில் ‘தி ஃபிஃப்டீன்த் ஆஃப் ஆகஸ்ட்’ என்று வாசிப்பார்கள். அமெரிக்கர்கள் ‘ஆகஸ்ட் ஃபிஃப்டீன்த்’ என்று ‘தி’ இல்லாமலேயே முடித்துக்கொள்வார்கள்.

வரிசை எண் வேறொரு சொல்லோடு ஒட்டிக் கூட்டுப் பெயரடையாகிவிட்டால், அதை வரிசை எண்ணாகக் கருதவே கூடாது. ‘எ செகண்ட் ஹேண்ட் பைக்’ என்பதில் பைக்குகளின் வரிசை எதுவும் இல்லை. ‘எ தேர்டு பார்ட்டி’ என்பதும், ‘எ ஃபர்ஸ்ட் இயர் ஸ்டூடன்ட்’ என்பதும் அப்படியே. பின்னால் வரும் பெயர்ச்சொல்லை மட்டும் பார்த்து, சாதாரணமாக அதற்கு எந்த ஆர்ட்டிகிளைப் போடுவோமோ அதைப் போட வேண்டியதுதான். தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் நிறைவுற்றது. அது ‘ஆன் இலெவன்த் சென்ச்சுரி டெம்பிள்’. நூற்றாண்டைத் தனியே சொல்லும்போது மட்டும் ‘இன் தி இலெவன்த் சென்ச்சுரி’ என்று ‘தி’ வருகிறது. இதே எடுத்துக்காட்டில் ‘எ’ இல்லாமல் ‘ஆன்’ வந்திருப்பதையும் பார்க்கலாம். எய்த், இலெவன்த், எய்ட்டீன்த், எய்ட்டியத் ஆகியவை உயிர் ஒலியில் தொடங்குவதால், எண்ணில் எழுதினாலும் எழுத்தில் எழுதினாலும் அவற்றுக்கு முன் ‘ஆன்’தான். கண்ணுக்கு 8, 11, 18, 80 என்று இலக்கங்களாகத் தெரிவதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

அட் ஃபர்ஸ்ட், அட் ஃபர்ஸ்ட் சைட், ஆன் செகண்ட் தாட்ஸ், செகண்ட் டு நன் போன்ற மரபுத் தொடர்களுக்குக் காரணம் தேடிப் பயனில்லை, அப்படியே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கட்டுரையில் கருத்துகளை அடுக்கும்போது வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் ‘ஃபர்ஸ்ட்’, ‘செகண்ட்’ ஆகியவற்றுக்கும் ஆர்ட்டிகிள் கிடையாது. அவை அங்கே வினையடைகள்.

கடைசியாகத் தேர்வறையைப் பற்றிய நடைமுறைக் கேள்வி. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் வினாக்களில் ‘ஹி வொன் டாஷ் ஃபர்ஸ்ட் பிரைஸ்’ என்று கேட்டு, ‘எ’, ‘ஆன்’, ‘தி’, ‘ஆர்ட்டிகிள் வேண்டாம்’ என்று நான்கு விடைகளைக் கொடுத்தால், வினா எடுத்தவர் எதிர்பார்ப்பது அநேகமாகத் ‘தி’யைத்தான், அதைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போவதே புத்திசாலித்தனம். ஆனால் ‘ஹி கேம் டாஷ் ஃபர்ஸ்ட் இன் தி ரேஸ்’ என்று இருந்தால் தயங்காமல் ‘ஆர்ட்டிகிள் வேண்டாம்’ என்பதைக் குறிக்கலாம். விடைக்குறிப்பில் ‘தி’ என்று வந்தால் அதை எதிர்த்து முறையிடுவதற்கு, கற்பவர்களுக்கான நல்ல ஆங்கில அகராதி எதிலும் ‘கம் ஃபர்ஸ்ட்’, ‘ஃபினிஷ் செகண்ட்’ என்ற எடுத்துக்காட்டுகள் கிடைக்கும். அந்தப் பக்கத்தை நகலெடுத்து மனுவோடு இணைத்தால் போதும்.